ராஜகனி ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்

முத்தலாங்கோட்டை தாலுகா ஆபீசின் கூரையில் எங்கெங்கே ஓட்டை என்று மழை தேடிக் கண்டுபிடித்து வந்து ஒழுகிய வருஷம் அது. தீபாவளி கழிந்த முதல் திங்கட்கிழமை, மணி பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ரேஷன் கார்டுப் பிரிவின் ஒப்பந்த ஆபரேட்டர் செண்பகவடிவு நனைந்த குடையைப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகிவிட்டு, நாற்காலியின் ஒடிந்த காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கலைக் காலாலேயே நேராக்கி உட்கார்ந்து, ஒன்பது வருஷமாக அடித்த அதே பேரை அடித்து, அதே கடவுச்சொல்லை அடித்தாள். கம்ப்யூட்டர் திறக்கவில்லை. பதிலுக்குச் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது: ‘இந்தப் பயனர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.’

அந்த ஆபீசுக்கு ஒரே ஒரு பயனர்தான். பேர் ராஜகனி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்திறங்கிய நாளில், சொல்லிக் கொடுக்க வந்த சென்னைக்காரர், மாதிரிக்கு ஒரு பேர் வேண்டுமே என்று சன்னல் வழியாகப் பார்க்க, எதிரே மாவு மில் போர்டில் ‘ராஜகனி’ என்றிருக்க, அதையே அடித்து, அதன் வாலில் ஒன்று இரண்டு மூன்றைக் கோத்துக் கடவுச்சொல்லாக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று போனவர் அப்படியே ரயிலேறிவிட்டார். பிற்பாடு ஆளுக்கொரு பேரும் ஆளுக்கொரு கடவுச்சொல்லும் அரக்கு வைத்த கவர்களில் வந்தன. அவரவர் கடவுச்சொல் பிறருக்குத் தெரியவே கூடாது என்று கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. ஹெட் கிளார்க் ஆவுடையப்பன் சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து மதிக்கிறவர். யாருக்கும் தெரியக்கூடாது என்று அத்தனை கவரையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியையும் யாருக்கும் தெரியாத இடத்தில் வைத்தார். அந்த யாரில் அவரும் சேர்த்தி. பின்னால் வேலைக்குச் சேர்ந்த வடிவுக்கு வந்த கவரும் பீரோவின் சந்து வழியாக உள்ளேதான் போயிற்று. சாவி கிடைத்த அன்று பார்த்தால், கவர் பூராவையும் கரையான் படித்து முடித்திருந்தது.

ஆக ஏழு பேரும் ராஜகனி ஆனார்கள். கடவுச்சொல்லைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதித் திரைக்கு மேலே ஒட்டினார்கள். வரிசையில் நிற்கிற சனத்துக்கும் அது மனப்பாடம். வடிவு தடுமாறினால், “மொத எழுத்து பெருசும்மா” என்று எடுத்துக் கொடுப்பார்கள். முகூர்த்த நாளில் ஆபீசே காலியாகிப் போனாலும் ராஜகனி வேலை பார்த்தார், ஏனென்றால் டீக்கடை மாஸ்டருக்கும் முகவரி மாற்றத் தெரியும்.

அப்படிப்பட்ட ராஜகனிதான் அன்றைக்கு உள்ளே இருந்துகொண்டு வெளியே இருந்தவர்களை விடவில்லை. வடிவு வயரைப் பிடுங்கி ஊதிச் சொருகினாள். நிறுத்திப் போட்டாள். ஆபீஸ் உதவியாளர் மைதீன் பாட்சா யுபிஎஸ்ஸின் வலது விலாவில் ஒன்று வைத்தார், போன தடவை இடது விலாவில் வைத்ததற்கு எழுந்ததால். வட்ட வழங்கல் அலுவலர் தனுஷ்கோடி, தம் அறையிலிருந்து கண்ணாடியை ஒற்றை விரலால் மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டே வந்து, “சென்னைக்குப் போனைப் போடும்மா” என்றார்.

உதவி மையத்துக் குரல் பாகில் ஊறிய தேன்குழல் மாதிரி இனித்தது. “கவலையே படாதீங்க மேடம். உங்க பிரச்சனையை எங்க தளத்துல ஒரு புகாராப் பதிவு பண்ணுங்க.”

“தளத்துக்குள்ள எப்படிப் போவணும்?”

“உங்க பேரையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ள போங்க மேடம்.”

“உள்ள போக முடியலங்கறதுதானே புகாரு?”

“அதை உள்ள போய்ப் பதிவு பண்ணுங்க மேடம்.”

வடிவு போனை வைத்தாள். அதுவரை வாசல்படியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்த மைதீன் பாட்சா மெதுவாகத் திரும்பி, “உள்ள இருக்காருன்னுதானம்மா போட்டிருக்கு? உள்ள போய்ப் பாத்தியளா?” என்றார்.

பார்த்தார்கள். பழைய பைல்கள் அடுக்கிய பின்னறையில், மூன்றாவது மேசையில், இதுவரை யாரும் உட்காராத நாற்காலியில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் பாக்கு நிறச் சேலையும் எவர்சில்வர் தூக்குச் சட்டியுமாக உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தார்.

“யாரும்மா நீங்க?”

“ராஜகனி.”

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட அந்த ஆபீசில் தனியாக ஒரு பிரிவு கிடையாது. ஆவுடையப்பன் தொண்டையைச் செருமி, “வருகைப் பதிவேட்டில கையெழுத்துப் போட்டாச்சா?” என்று மட்டும் கேட்டார். போட்டாச்சு. அவர் பேருக்கு நேரே பதினோரு வருஷமும் ஒரு நாள் விடாமல் கையெழுத்து இருந்தது. அப்புறம் அந்த அம்மாளும் தொண்டையைச் செருமினார், அச்சு அசலாக ஆவுடையப்பன் மாதிரியே. கண்ணாடியை ஏற்றுவது தனுஷ்கோடி சாரின் ஒற்றை விரல். யோசிக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொண்டு துண்டுத் தாளில் மீன் வரைந்தாரே, அது வடிவின் பழக்கம். ஏழு பேர் கையும் பதினோரு வருஷம் ஒரே கையாக இருந்தால், அந்தக் கைக்கு ஒரு உடம்பு முளைக்காமல் என்ன செய்யும் என்று மைதீன் பாட்சா டீ வாங்கப் போகும் வழியில் சொல்லிக்கொண்டு போனார். அன்றையிலிருந்து ஏழு டீ எட்டு டீ ஆயிற்று.

ஊருக்கு அந்த அம்மாளைப் பிடித்துப் போயிற்று. ஏழு பேர் ஏழு வாரம் பார்க்கிற வேலையை ஒரு பொழுதில் முடித்தார். பேர் சேர்க்க வந்தவர்களுக்குப் பேர் சேர்ந்தது. நீக்க வந்தவர்களுக்கு நீங்கியது. ஊழியர் சங்கத்தில் இரண்டு கோஷ்டி இருந்ததால் இரண்டு கோஷ்டியும் தனித்தனியாக வந்து உறுப்பினர் படிவம் கொடுத்தன. காதுகுத்துப் பத்திரிகையில் ‘திருமதி ராஜகனி அவர்கள்’ என்று அடித்து வந்தது. கணவர் பேர் தெரியாமல் அச்சகத்துக்காரர் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். ஆபீசில் மற்ற ஏழு பேருக்கும் வேலை இல்லை. முதல் வாரம் அது சௌகரியமாக இருந்தது, இரண்டாவது வாரம் பழக்கமாயிற்று, மூன்றாவது வாரம் உரிமை ஆயிற்று.

நாலாவது வாரம்தான் அந்த ஆணை வந்தது. எட்டு வருஷத்துக்கு மேல் கணினியில் வேலை பார்த்த ஒப்பந்த ஆபரேட்டர்களை நிரந்தரமாக்குவது என்றும், யார் யார் எவ்வளவு வேலை பார்த்தார்கள் என்பதைக் கணினியே சொல்லும் என்றும் அதில் இருந்தது. வடிவு ஒன்பது வருஷமாக அந்த ஒரு தாளுக்காகத்தான் இருந்தாள். பிரசவத்துக்கு எடுத்த விடுப்பைத் தவிர வேறு விடுப்பு எடுத்ததில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் ஒப்பந்தம் முடிந்து ஏப்ரலில் புதுசாக வேலைக்குச் சேருகிறவள் அவள்; நடுவில் ஒரு நாள் அவளை வேலையை விட்டு நிறுத்துவார்கள், அன்றைக்கும் வந்து வேலை பார்ப்பாள்.

பட்டியல் வந்தது. முத்தலாங்கோட்டைக்கு ஒரே ஒரு பேர். ராஜகனி.

வடிவு சென்னைக்குப் போன் போட்டாள்.

“உங்க பேருல கணக்கு இருக்கு மேடம்,” என்றது தேன்குழல் குரல். “ஆனா ஒன்பது வருஷமா ஒரு தடவைகூட நீங்க உள்ள வரல. கணினிப்படி நீங்க வேலைக்கே வரல மேடம்.”

“தெனமும் வந்துட்டுத்தான இருக்கேன்!”

“ஆபீசுக்கு வந்திருப்பீங்க மேடம்.”

“சரி, புதுக் கடவுச்சொல் கொடுங்க, இப்பவே வாரேன்.”

“உங்க ஆபீஸ்ல அங்கீகரிக்கப்பட்ட பயனர் ஒருத்தர் ஒப்புதல் குடுக்கணும் மேடம். உங்க ஆபீஸ்ல அது...” சற்று நேரம் விசைகள் தட்டும் சத்தம். “ராஜகனி மேடம்.”

மூன்றாவது மேசையில் அந்த அம்மாள் தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழச் சாதம், வடிவு காலையில் கட்டிக்கொண்டு வந்ததும் அதுதான். வடிவு எதிரே போய் நின்றாள். ஒன்பது வருஷத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டியதை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், “அது எல்லாம் என் வேலை, அக்கா” என்றாள்.

“தெரியும்ளா.” ராஜகனி இரண்டு கையையும் மேசை மேல் விரித்து வைத்தார். “இந்தா பாரு. பத்தில எட்டு விரல் உன்னதுதான்.”

வடிவு பார்த்தாள். எட்டும் அவள் விரல்கள்தான். இடது மோதிர விரலில் அரிவாள்மனை வெட்டிய தழும்புகூட அப்படியே இருந்தது. மற்ற இரண்டில் ஒன்று, ஒப்புதல் பொத்தானை மட்டும் அழுத்திப் பழகிய தனுஷ்கோடி சாரின் ஆட்காட்டி விரல். இன்னொன்று, ஆவுடையப்பன் காது குடைகிற சுண்டு விரல்.

“அப்ப என் பேருக்கு மாத்திக் கொடுங்களேன்.”

“நான் கொடுக்க ஏலாது. நீதான் எடுத்துக்கணும். எடுத்தா நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது பாத்துக்கோ. எட்டு விரலும் செஞ்சது எல்லாத்தையும் எடுக்கணும்.”

வடிவுக்கு உடனே ஒரு மார்ச் மாதம் ஞாபகம் வந்தது. அவள் திரும்பி வந்துவிட்டாள்.

அந்த மார்ச்சை ஊரில் இன்னொருத்தியும் மறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் முருங்கைக்கீரை விற்கிற சொர்ணத்தாய், புருஷன் வேறொருத்தியோடு குடித்தனம் போன பிறகு தனிக் கார்டு கேட்டு விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டு, இரண்டு வருஷமாகத் திங்கட்கிழமை தோறும் வந்து நின்று, கடைசியில் மாவட்டத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டிருந்தாள். அவள் பேர் இன்னும் புருஷன் கார்டில்தான் இருந்தது. அவள் பங்கு அரிசியை அந்த வீட்டில் பொங்கித் தின்றார்கள். மாவட்டத்தில் தோண்டிப் பார்த்தபோது, அவள் ஒருத்தி இல்லை, தனிக் கார்டு கேட்ட நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள், ஒரே நாளில், பிற்பகல் மூன்று பத்திலிருந்து ஐந்து நாற்பதுக்குள், ‘ஆவணம் தெளிவில்லை’ என்ற ஒரே காரணத்தால் நிராகரிக்கப்பட்டிருந்தார்கள். அந்த வருஷம் முத்தலாங்கோட்டையில் நிலுவை பூஜ்யம். மாவட்டத்திலேயே நிலுவை இல்லாத தாலுகா என்று கேடயம் கொடுத்திருந்தார்கள். அது தனுஷ்கோடி சாரின் தலைக்கு மேலே, கூரை ஒழுகாத ஒரே இடத்தில் மாட்டியிருந்தது.

விசாரணைக்குத் திலகராணி என்கிற அதிகாரி வருகிறார் என்றதும் ஆபீசில் முதல் நாள் பயம் இருந்தது. இரண்டாம் நாள், ‘நிராகரித்தவர்: ராஜகனி’ என்று பதிவில் இருப்பது தெரிந்ததும், கார்த்திகை வெயில் அடித்த மாதிரி எல்லோர் முகமும் தெளிந்தது. காணாமல் போன பைல்கள், தப்பாக விழுந்த முத்திரைகள், மாமனார் கார்டில் சேர்ந்துவிட்ட மருமகன்கள் எல்லாமே அந்த அம்மாள் கைங்கரியம் என்று ஏழு பேருக்கும் நினைவு வரத் தொடங்கியது. “நான் அப்பவே சொன்னேன் அந்தம்மாட்ட, அவசரப்படாதீங்கன்னு” என்று தனுஷ்கோடி சார் சொன்னபோது அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

சாயங்காலம் அவர் வடிவைக் கூப்பிட்டார். “இங்க பாரும்மா. அந்தம்மாவ எடுத்துட்டாங்கன்னா ஒரு எடம் காலி. நிரந்தர எடம். உன்னைத் தவிர யாருக்கு எழுதுவேன்? நாளைக்கு ஒன்னும் பேசாண்டாம். ராஜகனின்னு ஒரு சொல்லு, போதும்.”

பொய்யும் இல்லை அது. பதிவில் அப்படித்தானே இருக்கிறது? வடிவு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். சொல்லச் சுலபமான பேர்தான்.

மறுநாள் பதினொரு மணிக்கு விசாரணை. திலகராணி மேடம் நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஏழு பேர், எதிர்ப் பக்கம் கீரைக் கூடையோடு சொர்ணத்தாய், பின்னறைக் கதவுக்குப் பக்கத்தில் ராஜகனி.

“உங்களுக்கு என்ன பதில் வந்துச்சும்மா?”

“தெளிவில்லன்னு வந்துச்சு தாயி,” என்றாள் சொர்ணத்தாய். “அந்த மனுசன் எவ கூட இருக்கான்னு ஊருக்கே தெளிவா இருக்கு. ஆபீசுக்குத்தான் தெளிவில்ல.”

மைதீன் பாட்சா மட்டும் சிரித்தார். சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

“யார் நிராகரிச்சது?”

“ராஜகனி,” என்றார் ஆவுடையப்பன். “ராஜகனி,” என்றார் தனுஷ்கோடி சார். ராஜகனி, ராஜகனி என்று பஜனை மாதிரி அது வரிசையில் வந்துகொண்டிருந்தது. அதிகாரி அந்த அம்மாளைப் பார்த்து, “நீங்கதானா?” என்றார். அந்த அம்மாள் கீழுதட்டைக் கடித்தபடி கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேசை மேல் சொர்ணத்தாயின் பழைய விண்ணப்பம் கிடந்தது. அதில் ஒட்டியிருந்த போட்டோவில் அவள் கண்ணை மூடியிருந்தாள். வடிவுக்கு அந்தப் போட்டோவைத் தெரியும். அந்த மார்ச் மாதம், பின்னால் நின்ற தனுஷ்கோடி சார் முறுக்கைக் கடித்துக்கொண்டே, “தெளிவில்லன்னு போடும்மா, மறுபடி எழுதிப் போட்டுக்குவாங்க, ராவுக்குள்ள பூஜ்யம் ஆகணும்” என்று அவசரப்படுத்த, முன்னூற்றுச் சொச்சமாவது விண்ணப்பத்தில் இந்தப் போட்டோ வந்தது. வந்ததும் வடிவு, “பாருங்க சார், தூங்கிட்டே போட்டோ எடுத்திருக்காவ” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் பொத்தானை அழுத்தினாள்.

வரிசை அவளிடம் வந்து நின்றது. தனுஷ்கோடி சார் ஆட்காட்டி விரலால் கண்ணாடியை ஏற்றினார்.

“நான்தான் மேடம்,” என்றாள் வடிவு. குரல் அவளுக்கே கேட்கவில்லை; மறுபடி சொன்னாள். “நான்தான் அழுத்தினேன். நானூத்திப் பன்னெண்டும். சார்தான் சொன்னாங்க, அழுத்தினது நான். இந்த அம்மா போட்டோவப் பாத்துச் சிரிச்சேன். அதுவும் நான்தான்.”

ராஜகனியின் எட்டு விரல்களும் ஈரத் துணி பட்ட சாக்பீஸ் கோடு மாதிரி மெல்ல அழிந்தன. அவர் வலித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வெகு நாள் சுமந்த குடத்தை இறக்கிவைத்தவர் போல மூச்சுவிட்டார். பிறகு மீதி இருந்த இரண்டு விரலையும் மற்றவர்கள் பக்கம் நீட்டினார், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. ஆவுடையப்பன் சுற்றறிக்கைக் கட்டில் எதையோ தேடினார். தனுஷ்கோடி சார், அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, நேற்றே பார்த்தேன் என்றார்.

“இப்ப அடிச்சிப் பாருளா,” என்றார் ராஜகனி வடிவிடம்.

வடிவு தன் பேரை அடித்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. சிவப்பு வரி வரவில்லை. ‘செண்பகவடிவு, வருக. உங்கள் புதிய கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள்’ என்று வந்தது.

அப்புறம் நடந்தது சட்டப்படி நடந்தது. தப்புச் செய்தவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்ய வேண்டும். ஆனால் தற்காலிகப் பணியாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்ய விதியில் இடமில்லை; நிரந்தரப் பணியாளராக இருந்தால்தான் செய்யலாம். மாவட்டத்தில் பத்து நாள் யோசித்துப் பார்த்துவிட்டு, அவள் கணக்கில் இப்போது ஒன்பது வருஷ வேலையும் இருப்பதால், முதலில் அவளை நிரந்தரமாக்கினார்கள். இரண்டு ஆணையும் ஒரே கவரில் வந்தன. ஆவுடையப்பன் ஒன்றை வாசித்து “வாழ்த்துகள்மா” என்றார். அடுத்ததை வாசித்து “அடப்பாவமே” என்றார்.

வடிவு குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் வாசல்படி தாண்டுவதற்குள் சென்னையிலிருந்து போன் வந்தது. நிராகரித்த விண்ணப்பங்களை மறுபடி திறக்க வேண்டும். யார் நிராகரித்தாரோ அவர்தான் திறக்க முடியும். ஆகவே பணிநீக்கத்தில் இருப்பவர் நாளை காலை பத்து மணிக்குத் தவறாமல் பணிக்கு வர வேண்டும்.

வந்தாள். இன்றைக்கும் வருகிறாள். வேலையில் இல்லாதவர்களுக்கென்று ஆவுடையப்பன் கோடு போட்டுத் தயார் செய்த தனிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, செங்கலை நேராக்கி உட்காருகிறாள். முதலில் திறந்தது சொர்ணத்தாயின் விண்ணப்பம். புதுப் போட்டோவில் அவள் கண்ணை உருட்டி முழித்துக்கொண்டிருந்தாள், யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று.

மூன்றாவது மேசையில் ராஜகனி இருக்கிறார். இரண்டு விரலால் தூக்குச் சட்டி திறக்க முடியாததால் மைதீன் பாட்சாதான் திறந்து கொடுக்கிறார். தனுஷ்கோடி சார் தினமும் காலையில் வந்து ஒரு தடவை அடித்துப் பார்க்கிறார். இந்தப் பயனர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று வருகிறது. பின்னறையை எட்டிப் பார்ப்பார். அந்த அம்மாள் அவருடைய அதே ஆட்காட்டி விரலை உயர்த்திக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். “நெட்டு இன்னைக்கும் ஸ்லோ” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

“என்னம்மா, தெறக்கலயா?” என்று வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். “மொத எழுத்து பெருசும்மா!”

“அது பழசு,” என்றாள் வடிவு. “நீங்க கொஞ்சம் அங்கிட்டுத் திரும்புங்க.”

வரிசை மொத்தமும் திரும்பி மழையைப் பார்த்தது. அவள் இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு, வலது கையால் அடித்தாள்.